முதுமையின் செலவும் இயலாமையின் செலவும்

முதியோர் தொகை பெருகினால் அரசின் மருத்துவச் செலவும் அதே அளவில் பெருகும் என்பது பலரும் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட கருத்து. எழுபது வயதில் தாமே குளித்து உடுத்திக் கடைக்குப் போய்வருபவரும், பிறர் கைபிடிக்காமல் படுக்கையை விட்டு எழ முடியாதவரும் இந்தக் கணக்கில் ஒன்றாகிவிடுகிறார்கள். செலவைத் தீர்மானிப்பதில் வயதைவிட இயலாமையின் பங்கே பெரிது. அந்த இயலாமையை மருத்துவமனைக் கட்டிலில் மட்டும் எதிர்கொள்ளும் அரசு அதற்கு மிக அதிக விலை கொடுக்கிறது. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயலாமையை அளக்கத் தெளிவான கருவி உண்டு. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களையும் துணையின்றிச் செய்ய முடிகிறதா என்று பார்க்கும் அளவுகோலை அமெரிக்க மருத்துவர் சிட்னி கட்ஸ் குழுவினர் 1963-இல் வெளியிட்டனர். இவ்வகை அளவீட்டின் துணையோடு ஜேம்ஸ் லூபிட்ஸ் குழுவினர் அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பயனாளிகளை ஆராய்ந்து 2003-இல் தந்த முடிவு முக்கியமானது. எழுபது வயதில் எந்த இயலாமையும் இல்லாதவர் மேலும் 14.3 ஆண்டுகள் வாழ்வார். அவருக்கு ஆகும் மொத்த மருத்துவச் செலவு சுமார் 1,36,000 டாலர். அன்றாடச் செயல்களில் ஒன்றையேனும் செய்ய இயலாதவர் 11.6 ஆண்டுகளே வாழ்வார். செலவோ சுமார் 1,45,000 டாலர். ஆண்டுக்கு வகுத்தால் முன்னவருக்கு ஏறத்தாழ 9,500 டாலரும் பின்னவருக்கு 12,500 டாலரும் ஆகின்றன. நலமாக நீண்ட நாள் வாழ்பவர் கருவூலத்துக்குச் சுமை என்ற அச்சத்துக்கு இதில் ஆதாரம் இல்லை.

செலவை உயர்த்துவது மரணத்தின் அண்மையே என்று பீட்டர் ஸ்வைஃபெல் குழுவினர் 1999-இல் முன்வைத்த வாதம் வலுவானது. ஆனால் அது மருத்துவமனைச் செலவுக்குப் பொருந்தும் அளவுக்கு நீண்டகாலப் பராமரிப்புக்குப் பொருந்தவில்லை. இறுதிக் கட்டச் சிகிச்சை பெரும்பாலும் சில மாதங்களில் முடிகிறது. ஒருவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் தேவை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

பராமரிப்புக்கென்று தனி ஏற்பாடு இல்லாவிட்டால் அத்தேவை எங்கே போய்ச் சேரும் என்பதை ஜப்பான் காட்டுகிறது. அங்கு 1973-இல் எழுபது வயதைக் கடந்தோருக்கு மருத்துவம் இலவசமானது. சிகிச்சை தேவைப்படாத முதியோரும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால், மருத்துவமனைகளிலேயே தங்கினர். அந்த அனுபவத்தின் விளைவுகளுள் ஒன்றுதான் ஏப்ரல் 2000-இல் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு. நாற்பது வயதைக் கடந்தோர் சந்தா செலுத்துகிறார்கள். பயனாளியின் பங்கு போக எஞ்சிய செலவில் பாதி வரிப்பணம். தகுதியைத் தீர்மானிப்பது வருமானமோ குடும்ப நிலையோ அல்ல, மதிப்பிடப்பட்ட இயலாமையின் அளவு. முதலாண்டில் 3.6 இலட்சம் கோடி யென்னாக இருந்த மொத்தச் செலவு இருபது ஆண்டுகளுக்குள் 10 இலட்சம் கோடியைத் தாண்டியது உண்மை. அதுவரை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் ஊதியமற்ற உழைப்பில் மறைந்திருந்த செலவின் ஒரு பகுதி அரசுக் கணக்குக்கு வந்ததும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம்.

இந்தியாவில் அச்செலவு இன்னும் மறைந்தே இருக்கிறது. 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் விரிந்தது. ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சை கிடைக்கும். வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்துச் செலவோடு அதன் பொறுப்பு முடிகிறது. இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டியின் அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு பணம் தருகிறது. அவரை மீண்டும் நடக்கவைக்கும் பல வார இயன்முறைப் பயிற்சி கிடைக்காவிட்டால் அவர் படுத்த படுக்கையாகிறார். படுக்கைப் புண்ணும் நுரையீரல் தொற்றும் அவரை மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுவருகின்றன. பயிற்சிக்குக் கொடுக்க மறுத்த தொகையைவிடப் பெரிய தொகையை அரசு அப்போது கொடுக்க நேர்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். அகில இந்திய விகிதம் 8.6 விழுக்காடு. ஆகவே இக்கேள்வி இங்கே முந்தி எழுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் நோய் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. திசை சரியானது. பக்கவாதத்துக்கு முதற்காரணமான இரத்த அழுத்தத்தை அடக்குவது, இயலாமையை அது தோன்றும் முன்பே தடுப்பதாகும்.

அடுத்து வேண்டுவன இரண்டு. வீடுதேடிச் செல்லும் பணியாளர் கட்ஸ் அளவுகோலின் ஆறு செயல்களையும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதிந்த எட்டு வகை மாற்றுத்திறன்களில் குளிக்கவும் உடுத்தவும் முடிகிறதா என்பது இடம்பெறவில்லை. பணியாளரின் பதிவின் அடிப்படையில் மறுவாழ்வுச் சிகிச்சையும் வீட்டுப் பராமரிப்பும் காப்பீட்டுக்குள் வர வேண்டும். மகளோ மருமகளோ வேலையை விட்டு வீட்டில் தங்கிச் செய்யும் பணிவிடையை அரசின் சேமிப்பாகக் கொள்வது தவறான கணக்கு. அந்தச் செலவை ஒரு பெண் தன் வருமானத்தாலும் உடல்நலத்தாலும் செலுத்திக்கொண்டிருக்கிறாள்.