மாவட்டம் மாறியபோது ஒரு ஃபைல் மாற்றிய கதை

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. தமிழ்நாட்டின் 33-வது மாவட்டம். எங்கள் சிவகிரி தாலுகாவும் திருநெல்வேலியை விட்டு தென்காசிக்கு வந்தது. ஊரும் மலையும் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் மாவட்டப் பட்டியல் வைத்திருக்கிற கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்களில் எல்லாம் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து அதை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு அப்ளிகேஷனுக்கு அந்த ஒருத்தர் நான்தான்.

சின்ன வேலை. ஜாவா அப்ளிகேஷன், பட்டியல் ஒரு ஜார் ஃபைலுக்குள் இருந்தது. ஜாரை ஒரு காப்பி எடுத்து, 'ஜார் யூஎஃப்' கமாண்டில் புதுப் பட்டியலை உள்ளே சேர்த்தேன். பிறகு 'சிபி' போட்டு, சர்வரில் இருந்த பழைய ஜார் மேலேயே காப்பி பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் அப்ளிகேஷன் மொத்தமாக விழுந்துவிட்டது. பதறிப்போய், பழைய யூனிக்ஸ் ஆளான ஒரு அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"ஓடிட்டிருக்க ஃபைல் மேல சிபி போடுவாங்களாடே? எம்வி-ல்ல போடணும்" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணாச்சி?"

ஒன்றில்லை. ஏன் என்று தேடப்போனபோது கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

கதை காந்த நாடாவில் தொடங்குகிறது. பல ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டும் 'டார்' கமாண்ட் 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கம். நாடாவின் நடுவில் இருக்கிற ஒரு ஃபைலை மட்டும் பிடுங்கி மாற்ற முடியாது. அதனால் புதிய ஃபைலை நாடாவின் கடைசியில் சேர்த்தார்கள். மூட்டையைப் பிரிக்கும்போது ஒரே பெயரில் இரண்டு வந்தால், பின்னால் வருவது முன்னதை மூடிவிடும்.

1989-ல் ஃபில் காட்ஸ் ஜிப் வடிவத்தைக் கொண்டுவந்தார். அதில் பொருளடக்கம் ஃபைலின் கடைசியில் இருக்கும். 1997-ல் ஜாவா 1.1-உடன் வந்த ஜார், உள்ளுக்குள் ஜிப்தான். அதன் கமாண்ட் எழுத்துகளோ டாரிடமிருந்து வந்தவை. 1999-ல் சர்வ்லெட் 2.2 சர்வர் அப்ளிகேஷனுக்கென்று 'வார்' மூட்டையைத் தந்தது. அதுவும் ஜிப்தான்.

நான் விழுந்த பள்ளம் அந்தப் பொருளடக்கத்தில்தான் இருந்தது. ஜாவா 8 வரைக்கும், திறந்த ஜாரின் பொருளடக்கத்தை டிஸ்கில் இருக்கிற ஃபைலோடு நேரடியாக இணைத்து வைத்துப் படிப்பார்கள். 'சிபி' முதலில் அந்த ஃபைலைக் காலியாக்கிவிட்டுத்தான் எழுதத் தொடங்கும். படித்துக்கொண்டிருந்த பக்கம் கைக்குள்ளேயே காணாமல் போனால் என்ன ஆகும்? விழத்தான் செய்யும். ஜாவா 9-ல் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதிவிட்டார்கள்.

'எம்வி' செய்வது வேறு வேலை. யூனிக்ஸில் ஃபைலின் பெயர் தனி, ஃபைல் தனி. ஃபைலுக்கு ஐநோடு என்று ஒரு எண் உண்டு, நிலத்துக்கு சர்வே நம்பர் மாதிரி. பெயர் அந்த எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். 'எம்வி' பெயரை மட்டும் புது எண்ணுக்கு மாற்றுகிறது. ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிற ப்ரோக்ராம் பழைய ஃபைலையே படித்துக்கொண்டிருக்கும். அது மூடின பிறகுதான் பழசு அழியும்.

ஆரம்பத்தில் இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. பழைய பெயரை நீக்கி, புதிய இணைப்பைப் போடுவதற்கு நடுவில், அந்தப் பெயரில் எதுவுமே இல்லாத ஒரு கணம். 1983-ல் பெர்க்லியின் 4.2பிஎஸ்டி 'ரீநேம்' என்ற ஒரே அழைப்பில் இதை அடைத்தது. அதற்குப் பிறகு பார்க்கிறவர்களுக்குப் பழசு தெரியும், இல்லையென்றால் புதுசு தெரியும். நடுவில் எதுவும் கிடையாது.

தூரத்து மெஷினுக்கு அனுப்புவதிலும் இதே பாடம்தான். எஃப்டிபி-யின் முதல் வரைவை 1971-ல் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடி-யின் முதல் செட் மாணவர். எஃப்டிபி-யில் ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போதே, பாதி ஃபைலை வேறொருவர் படித்துவிட வாய்ப்புண்டு. 1996-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் எழுதிய 'ஆர்சிங்க்', புதுசை ஒரு மறைவான பெயரில் முழுதாக எழுதி முடித்து, கடைசியில்தான் உண்மையான பெயருக்கு மாற்றும்.

இப்போது நான் செய்வது இதுதான். புதிய ஜாரை அதே டைரக்டரிக்குள் வேறு பெயரில் வைக்கிறேன். டிஸ்க் மாறினால் 'எம்வி'-யும் காப்பிதான் பண்ணும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. பழையதற்கு ஒரு பேக்கப். பிறகு 'எம்வி'. பிறகு ரீஸ்டார்ட், அதுவரை அப்ளிகேஷன் பழைய பட்டியலைத்தான் காட்டும்.

அன்று ராத்திரி அண்ணாச்சி சொன்னபடி செய்து, அப்ளிகேஷன் எழுந்ததும் முதலில் தேடிப் பார்த்தது எங்கள் ஊரைத்தான். சிவகிரி, தென்காசி மாவட்டம் என்று வந்தது. போனில் சொன்னேன். "சரிடே, போய்ப் படு" என்றார்.