பற்றேடும் தவணைச் சீட்டும்

நம் குடியிருப்பில் ஒரு வீட்டிற்குக் கட்டிலோ அலமாரியோ புதிதாக வந்து இறங்குமாயின், அண்டை வீட்டார் முதலில் வினவுவது அதன் விலையை அன்று, "ரொக்கமா, தவணையா?" என்பதையே. விடை பெரும்பாலும் தவணை என்றே வரும். இதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும், கடனுக்குப் பொருள் வாங்கி அதனைச் சிறிது சிறிதாகத் தீர்க்கும் இவ்வழக்கம் மலைநாட்டுத் தமிழரிடையே எவ்வாறு வேரூன்றிற்று என்பதை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, இவ்வாண்டு மலருக்கு ஏற்ற பணியாகும் எனக் கருதினோம்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகக் கல்லாற்றைக் கடந்து, இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள் ஏறினால் பொன்முடி வரும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். இம்மலைகள் காணிக்காரப் பழங்குடியினரின் தொன்மையான வாழ்விடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைத் துரைமார் இங்கே காட்டைத் திருத்தினர். முதலில் காப்பி, பின்னர் தேயிலை. மெர்ச்சிஸ்டன், பிரேமூர், போனக்கார்டு என அவர்கள் இட்ட தோட்டப் பெயர்கள் யாவும் ஸ்காத்லாந்து நாட்டுப் பெயர்கள். போனக்கார்டு என்பது அபர்தீன் நகரத்தின் விருதுமொழி. நல்லிணக்கம் என்பது அதன் பொருள். அப்பெயர் சூட்டிய மலையில் ஆளுக்கும் கூலிக்கும் இடையே நிலவிய இணக்கம் எத்தகையது என்பதை இனி வருவன காட்டும்.

மலையில் உழைக்க ஆட்கள் வேண்டியிருந்தனர். திருநெல்வேலிச் சீமையிலும், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாஞ்சில் நாட்டிலும் செங்கோட்டைப் பகுதியிலும் மழை பொய்த்த ஊர்களுக்குக் கங்காணிகள் சென்றனர். கங்காணி வெறுங்கையுடன் செல்வதில்லை. தோட்டத்தில் பெற்ற முன்பணம் அவன் மடியில் இருக்கும். ஊரில் உள்ள பழைய கடனைத் தீர்க்க இவ்வளவு, வழிச்செலவிற்கு இவ்வளவு, கம்பளிக்கும் சட்டிபானைக்கும் இவ்வளவு என அவன் கொடுப்பான். மலையேறும் முன்னரே குடும்பம் கடன்பட்டுவிடும். ஆளொன்றுக்குக் கங்காணி பெற்ற தலைக்காசு வேறு. கூலியோ மாதந்தோறும் கையில் விழுவதில்லை; பல மாதங்களுக்கு ஒருமுறை கணக்குத் தீர்ப்பதே பல தோட்டங்களில் வழக்கமாயிருந்தது. இடைக்காலத்தில் அரிசியும் துணியும் கணக்கில் எழுதி வழங்கப்பட்டன. கணக்கு முடிக்கும் நாளில் வரவைவிடப் பற்றே மிகுந்து நிற்கும். அம்மிகுதி அடுத்த ஆண்டின் முதல் வரியாக ஏறும்.

இக்கடனுக்குப் பிணை யாது? நிலமன்று, நகையன்று, ஆளே பிணை. இதனை ஒளிவுமறைவின்றிக் காட்டியது இலங்கைத் தோட்டங்களில் வழங்கிய 'துண்டு' முறை. ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் பட்டிருந்த கடன் தொகையை ஒரு காகிதத் துண்டில் எழுதித் தோட்டத்துரை கொடுப்பான். அத்தொகையை எந்தத் தோட்டம் செலுத்துகின்றதோ அந்தத் தோட்டத்திற்கு ஆட்கள் மாறுவர். கடனைச் செலுத்தும் வழி அங்கே ஒன்றுதான்: வேறொரு முதலாளி செலுத்துவது! கடன் தீர்வதில்லை, கைமாறும். அதனுடன் மனிதரும் கைமாறுவர். 1921 ஆம் ஆண்டில் இலங்கை அரசு சட்டமியற்றி இம்முறையை ஒழித்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலோ, முன்பணம் பெற்றுப் பணியைக் கைவிட்டவனை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்ப 1859 ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது. பணக்கடன் ஒன்றிற்குக் குற்றவாளிக் கூண்டு! 1925 இல்தான் அச்சட்டத்தை நீக்கத் தீர்மானித்தனர்.

இனி, கடைக்காரரின் பற்றேட்டைப் பார்ப்போம். தோட்டத்தின் அடிவாரத்தில் பலசரக்குக் கடை ஒன்று இருக்கும். பற்று எழுதுவர், சம்பள நாளன்று கடைக்காரரோ அவர் ஆளோ சம்பளம் கொடுக்கும் இடத்திற்கே வந்து நிற்பர். மலையாளத்திலும் இதற்குப் பற்று என்றே பெயர், பற்றுப்படி என்பர். இரு மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்குப் புலவர்கள் காட்டும் சான்றுகளுடன் இக்கடன் சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். தவணை என்ற சொல்லும் அவ்வாறே இரு மொழிக்கும் பொது. தமிழ்நாட்டிலிருந்து பாத்திரமும் துணியும் நாற்காலியும் சுமந்து கேரளத்து வீடுகளின் வாயிலில் நின்று, வாரந்தோறும் வந்து சிறுதொகை தண்டிச் செல்லும் வணிகரை மலையாளிகள் 'அண்ணாச்சி' என்றே அழைத்தனர். அவர் கையில் இருந்தது ஓர் அட்டை; கொடுத்த தொகைக்கு அதில் ஒரு கோடோ ஒரு கையொப்பமோ விழும். அட்டை தொலைந்தால் கணக்கு அவர் சொன்னதே.

திருவிதாங்கூர்க் காசுக் கணக்கும் எளிதன்று. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபாய். ஆகவே திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும். எல்லை தாண்டி வந்த எழுத்தறியா உழைப்பாளி ஒருவர், எந்த ரூபாயில் கடன்பட்டோம், எந்த ரூபாயில் தீர்க்கிறோம் என்று கணித்தறிவது எங்ஙனம்? ரூபாய்க்கு அரைச் சக்கரம் வேறுபாடு சிறிதுதான். பல ரூபாயில், பல ஆண்டில், அது சிறிதாய் இராது.

பற்றேட்டிலிருந்து மக்கள் தாமே கண்ட விடுதலை வழி சீட்டு. வட கேரளத்தார் அதனைக் குறி என்பர். தென்பகுதியில் சிட்டி என்பர். இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் இடுவதாகக் கொள்வோம். திரளும் தொகை இருபதாயிரம். கட்டில் வாங்க வேண்டிய ஒருவர் ஏலத்தில் நாலாயிரம் தள்ளிப் பதினாறாயிரம் பெற இசைகிறார். அந்த நாலாயிரத்தில் சீட்டு நடத்துபவர்க்கு நூற்றுக்கு ஐந்து விழுக்காடாக ஆயிரம் போக, மீதி மூவாயிரம் இருபது பேருக்கும் நூற்றைம்பது வீதம் பகிரப்படும். வட்டி உண்டு, ஆனால் அதன் பெரும்பகுதி நம்மவர் இருபதின்மரிடமே தங்குகின்றது. சீட்டு நடத்துபவர் ஓடிப்போவாரென்றால் எல்லாம் பாழ் என்பதை அரசு முன்னரே உணர்ந்திருந்தது. திருவிதாங்கூர் தனக்கெனச் சிட்டிச் சட்டம் ஒன்றைக் கொல்லம் 1094 ஆம் ஆண்டிலேயே இயற்றியது. பின்னர் 1969 இல் கேரள அரசே திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு கேரள மாநில நிதி நிறுவனத்தை நிறுவிச் சிட்டி நடத்தலாயிற்று. அரசு தானே சீட்டுப் பிடிக்கும் விந்தையைப் பிற மாநிலத்தார் கண்டு வியப்பதுண்டு. எடுத்த சீட்டுக்குப் பிணையாகச் சம்பளச் சான்று கேட்பது அங்கே வழக்கம். அரசு ஊழியர் ஒருவரை உறவாகவோ நட்பாகவோ பெற்ற குடும்பத்திற்கு அது எளிது. தோட்டத் தொழிலாளிக்கு எளிதன்று. பிணைக்கு ஆளின்றி, ஏலத்தில் வென்ற தொகையைக் கையில் பெற இயலாது நின்றோர் நம்மிடையே உண்டு.

பொருளையே பிணையாக்கிய முறை மேனாட்டில் தோன்றியது. நியூயார்க்கில் கௌபர்த்துவெயிட் என்ற மரச்சாமான் கடை 1807 இலேயே தவணைக்கு விற்றதாகக் கூறுவர். 1856 இல் சிங்கர் தையல் பொறி அவ்வழியில் வீடு வீடாகப் புகுந்தது. வாடகையாகத் தவணை செலுத்தி, இறுதித் தவணையில் பொருளுக்கு உடையவராகும் ஏற்பாட்டை இங்கிலாந்தின் உயர்பேராயம் 1895 இல் ஒரு பியானோ வழக்கில் உறுதி செய்தது. அதன்படி, இறுதித் தவணை முடியும்வரை நம் வீட்டிலிருக்கும் கட்டில் நம்முடையதன்று, கடைக்காரருடையது. நாம் வாடகைக்கு உறங்குகிறோம்!

தமிழ்நாட்டில் இம்முறையை எளிய குடும்பங்களின் வாயிலுக்குக் கொணர்ந்தவருள் வி. ஜி. பன்னீர்தாஸ் சகோதரர்கள் முதல்வரிசையில் நிற்பவர். கடிகாரமும் வானொலியும் அவர்களால் தவணைக்குக் கிடைத்தன. அக்கடையில் விற்பனையாளராய் இருந்த அகத்தீசுவரத்து வசந்தகுமார் 1978 இல் தமக்கெனக் கடை தொடங்கி, வீட்டுப் பொருள்களைத் தவணைக்கு விற்றே பெருவணிகரானார். அகத்தீசுவரம் 1956 வரை திருவிதாங்கூர் மண். ஆதலின் அவரை நம்மூரார் என உரிமை கொண்டாடுவதில் பிழையில்லை.

இவ்வணிகம் விற்பனையா, கடனா? சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்திற்கும் கேரள அரசிற்கும் இடையே எழுந்த வரி வழக்கில் 1966 இல் உச்சநீதிமன்றம், அங்கே நடந்தது விற்பனையன்று, பொருளின் பிணையில் அளித்த கடனே என்று முடிவு செய்தது. 1972 இல் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டம் ஒன்றை இயற்றிற்று. பதினையாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளுக்குப் பாதி விலை செலுத்திவிட்டால், நீதிமன்றத்தின் ஆணையின்றிப் பொருளைத் தூக்கிச் செல்லலாகாது என அது விதித்தது. நல்ல சட்டம். நடைமுறைக்கு வராமலே கிடந்து 2005 இல் நீக்கப்பட்டது. முக்கால் பங்கு செலுத்திய அலமாரியை வாயிலில் வண்டி நிறுத்தி ஏற்றிச் செல்வதைத் தெருவே நின்று பார்க்கும் இழிவு எத்தனை குடும்பங்களுக்கு நேர்ந்தது! கடன் தண்ட முரடரை ஏவலாகாது என்று 2007 இல் ஒரு வங்கி வழக்கில் உச்சநீதிமன்றம் கண்டித்த பின்னரே ஓரளவு அச்சம் பிறந்தது. கந்துவட்டிக்காரரைக் கேரளத்தில் 'பிளேடு' என்பர். கழுத்தறுக்கும் தொழிலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் இல்லை. 2014 இல் 'குபேரா' என்ற பெயரில் கேரளக் காவல்துறை அவர்கள்மீது வேட்டை நடத்தியது.

தவணை செலுத்தும் வழிகள் நம் கண்முன்னேயே மாறின. தண்டல்காரர் கையில் ரொக்கம். பின்னர் அஞ்சலில் மணியார்டர். அதன்பின் முன்தேதியிட்ட காசோலைக் கட்டு. காசோலை திரும்பினால் குற்றம் என்னும் சட்டப்பிரிவு 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இன்று கணக்கிலிருந்து தவணையைத் தானே எடுத்துக்கொள்ள வங்கிக்கு ஒப்புதல் எழுதித் தருகிறோம். 2016 முதல் கைபேசியில் யுபிஐ வழியும் செலுத்துகிறோம். ஒப்புதல் தந்த தவணை கணக்கில் பணமின்றித் திரும்பினால் அதுவும் காசோலை திரும்பியதற்கு நிகரான குற்றம் என்பதைப் பலர் அறியார். தண்டல்காரரிடம் "சம்பளம் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் அண்ணாச்சி" என்று சொல்ல இயன்றது. கணினியிடம் சொல்ல இயலாது. சம்பளம் ஏழாம் நாள் வரும் தோட்டத்தில், தவணைக்கு ஐந்தாம் நாளைக் குறித்துக் கையொப்பமிட்டால் திங்கள்தோறும் அபராதமே. நாள் குறிக்கும் உரிமை பொருள் வாங்கும் அன்றுதான் நமக்கு உண்டு. அன்றே பத்தாம் நாள் எனக் கேட்டுப் பெறல் வேண்டும்.

வட்டிக் கணக்கையும் இங்கே விரித்துரைத்தல் தகும். பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கட்டிலுக்கு ஆண்டிற்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, பன்னிரண்டு தவணை என்கிறார் கடைக்காரர். வட்டி 1,440, மொத்தம் 13,440, தவணை 1,120. கேட்க எளிது. ஆனால் பன்னிரண்டாயிரம் முழுதும் ஆண்டு முழுதும் நம்மிடம் இருந்ததா? இல்லை. திங்கள்தோறும் அசலில் ஆயிரம் குறைந்து வந்தது. பன்னிரண்டு, பதினொன்று, பத்து என ஆயிரம் வரை கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால், சராசரியாக நம்மிடம் நின்ற கடன் 6,500 மட்டுமே. 6,500 க்கு 1,440 என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 22! பன்னிரண்டு என்று சொல்லி இருபத்திரண்டு வாங்குவதில் பொய் ஏதும் இல்லை என்பதே இதன் நுட்பம்.

'வட்டியே இல்லை' என்னும் விளம்பரத்தை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குக் கண்டித்துரைத்தது. ரொக்கத்திற்குக் கிடைக்கும் தள்ளுபடி மறுக்கப்படுவதும், கட்டணமாகப் பிடிக்கப்படுவதும் வட்டியே என்பது அதன் கருத்து. 2024 அக்டோபர் முதல், வங்கியும் நிதி நிறுவனமும் புதிதாகத் தரும் இத்தகைய கடனுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டு விழுக்காட்டை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்பது விதி. கடன் பெறுவோர் அறியும் மொழியில் அது இருத்தல் வேண்டும். தமிழில் கேட்கலாம். கூசாமல் கேட்க வேண்டும்.

கடைசித் தவணை முடிந்ததும் கடன் தீர்ந்ததற்கான சான்றை வாங்கி, பற்றுச்சீட்டுகளுடன் ஒரு பையில் வைத்தல் நன்று. தீர்த்த கடன் ஏட்டில் நிலுவையாகவே நின்று, பல ஆண்டுகளுக்குப் பின் மகனின் கல்விக் கடனை மறித்த செய்திகளைக் கேட்டிருக்கிறோம். கடன் தகவல் நிறுவனங்கள் நம் பெயரில் வைத்திருக்கும் ஏட்டை ஆண்டிற்கு ஒருமுறை கட்டணமின்றிப் பெறும் உரிமை 2017 முதல் உண்டு. இளைஞர்கள் தம் பெற்றோர்க்கு அதனை எடுத்துப் படித்துக் காட்டலாம். பிழை இருப்பின் எழுதித் திருத்தக் கோரலாம்.