கதவுக்கு வெளியே நின்ற அரசு

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பழைய நண்பர் ஒருவருடன் வெள்ளவத்தைக் கடற்கரையோரமாக, ரயில் பாதையை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். பேச்சு பிள்ளைகளைப் பற்றித் திரும்பியது. "அங்கே பிள்ளைக்குக் கை ஓங்கினால் அரசாங்கம் வீட்டுக்குள் வந்துவிடும். நீங்கள் இங்கே கொடுத்துவைத்தவர்கள்" என்றார் அவர், பாதி விளையாட்டாக.

நான் உடனே பதில் சொல்லவில்லை. சற்று முன் நாங்கள் கடந்துவந்த ஒழுங்கையில்தான், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் வாடகைக்குக் குடியிருந்த மாடிக் கட்டடம் நிற்கிறது.

அது 1996. பத்திரிகைத் தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அடுத்த வீட்டில் எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் உறவினர் ஒருவரின் பொறுப்பில் இருந்தான். போர் அவனுடைய பெற்றோரைத் திசைக்கொருவராகப் பிரித்திருந்தது. வெளிநாட்டுப் பயணத்துக்காக அக்காலத்தில் வெள்ளவத்தை மாடிகளில் காத்துக்கிடந்த எத்தனையோ பிள்ளைகளில் அவனும் ஒருவன். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து சத்தம் கேட்கும். அது இடுப்புவாரின் சத்தம் என்பது சில நாட்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் படிக்கட்டில் கண்டால் "அங்கிள்" என்று சிரிப்பான். வெக்கையிலும் நீளக்கைச் சட்டை போட்டிருப்பான்.

அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நிகழ்ந்தது. அதன் பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளில் தேடுதல் கடுமையானது. வீட்டில் உறங்குபவர் ஒவ்வொருவரின் பெயரும் பொலிஸ் பதிவுப் படிவத்தில் இருக்கவேண்டும். ஓரிரவு எங்கள் கட்டடத்துக்கும் வந்தார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தித் தலைகளை எண்ணினார்கள். சிறுவனின் பெயரும் படிவத்தில் சரிபார்க்கப்பட்டது. டோர்ச் வெளிச்சம் அவனுடைய கையிலிருந்த தடிப்புகளின் மேல் ஒரு கணம் நின்று, அடுத்த ஆளுக்கு நகர்ந்தது.

மறுவாரம் நான் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மேசையில் இருந்தவர், "அது குடும்ப விஷயம், மாத்தயா" என்றார். பிறகு என் அடையாள அட்டையையும் பதிவையும் கேட்டார். அவற்றைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்; மறுபடி போகவில்லை. பத்திரிகையில் ஒரு வரியும் எழுதவில்லை. சில மாதங்களில் அச்சிறுவனை வேறெங்கோ கூட்டிச் சென்றுவிட்டார்கள்.

அன்று முதல் என்னுள் கிடக்கும் கேள்வி இதுதான்: அடித்தவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. அதை அறிந்தும் வாளாவிருந்த அரசு அச்சிறுவனுக்கு எதுவும் கடன்படவில்லையா?

சட்ட வரலாற்றைப் புரட்டினால், இந்தக் கடன் நாம் எண்ணுவதைவிடப் பழையது. கொட்டாஞ்சேனையின் ஓரத்தில், மேட்டின் மீது, ஒல்லாந்தர் 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிய வூல்வெண்டால் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நீதிமன்றங்கள் நிறைந்த புதுக்கடை. ஒல்லாந்தர் விட்டுச்சென்றவற்றில் கட்டடங்களைவிட நீடித்தது அவர்களுடைய உரோம டச்சுச் சட்டம். நாட்டிலுள்ள எல்லாச் சிறார்களுக்கும் நீதிமன்றமே மேலான பாதுகாவலர் என்ற கொள்கை அச்சட்டத்தினூடாகவே நமக்கு வந்தது. பெற்றோரின் அதிகாரத்துக்கும் மேலே இன்னொரு கண் உண்டு என்பது அதன் பொருள். ஆனால், அக்கண் முதலில் பார்த்தது பிள்ளையின் சொத்தைத்தான். ஒல்லாந்தர் அமைத்த அநாதைகள் சபையின் தலையாய வேலை, தந்தையை இழந்த பிள்ளையின் முதுசத்தைப் பிறர் விழுங்காமல் காப்பது. பிள்ளையின் உடம்பைக் காக்கும் எண்ணம் வர இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

ஆங்கிலேயர் ஆட்சியின் பிற்பகுதியில் 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படும் பிள்ளையைச் சிறுவர் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர அது வழிசெய்தது. பிள்ளைக்குக் கொடுமை இழைப்பதைத் தண்டனைக்குரியதாக்கிய அதே 71 ஆம் பிரிவு, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தண்டிக்கும் உரிமையை ஓர் உட்பிரிவில் அப்படியே விட்டுவைத்தது. எனக்கு மேசையில் கிடைத்த பதிலின் வேர் அந்த உட்பிரிவில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சிறுவர் மீதான கொடுமை 308அ என்னும் தனிப் பிரிவைப் பெற்றது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை நிறுவும் சட்டம் 1998 இல் வந்தது. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இல் வந்தது. நான் பொலிஸ் நிலையத்தில் நின்ற 1996 இல் 308அ பிரிவு ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. மேசையில் இருந்தவருக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது.

இவையெல்லாம் அடித்தவரை நோக்கிய சட்டங்கள். அரசை நோக்கிய சட்டம் வேறொரு பாதையில் வளர்ந்தது. மன்னர் தவறிழைக்கமாட்டார் என்ற ஆங்கிலக் கோட்பாட்டின்படி, அரச ஊழியரின் கவனயீனத்துக்காக இலங்கையில் முடிக்குரிய அரசின் மீது நட்டஈட்டு வழக்குத் தொடர முடியாதிருந்தது. 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டமே அந்தத் தடையை நீக்கியது. பின்னர் 1978 அரசியலமைப்பு, நிருவாகச் செயலினால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நேரடியாக நாடும் வழியைத் திறந்தது. சித்திரவதைக்கும் கொடூரமான நடத்துகைக்கும் எதிரான 11 ஆம் உறுப்புரை பிள்ளைகளுக்கும் உரியது.

ஆனால், தந்தையோ மாமனோ அடிப்பது நிருவாகச் செயல் ஆகுமா?

இக்கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989 இல் எதிர்கொண்டது. விஸ்கொன்சின் மாநிலத்தில் தந்தையிடம் அடிபட்ட சிறுவனைப் பற்றி 1982 முதலே சமூக சேவைத் திணைக்களத்துக்கு முறைப்பாடுகள் போயின. ஒருமுறை வைத்தியசாலையிலிருந்து தற்காலிகமாகக் காவலில் எடுத்துவிட்டு, மீண்டும் தந்தையிடமே ஒப்படைத்தார்கள். பொறுப்பான ஊழியர் வீட்டுக்குப் போய்க் காயங்களைக் கண்டு, கோப்பில் எழுதிவைத்தார். 1984 மார்ச்சில், நான்கு வயதில், அவன் மூளை சிதைந்து வீழ்ந்தான். டிஷேனி வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில், தனிநபரின் வன்முறையிலிருந்து காக்கும் கடப்பாட்டை அரசியலமைப்பு அரசின் மீது சுமத்தவில்லை என 6 நீதியரசர்கள் முடிவுசெய்தனர். 3 பேர் மறுத்தனர். அச்சிறுவன் வாழ்நாள் முழுவதும் பிறர் துணையில் வாழ்ந்து 2015 இல் காலமானான்.

ஐரோப்பாவில் பதில் வேறாக வந்தது. இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயரில் நான்கு உடன்பிறப்புகள் பட்டினியிலும் அழுக்கிலும் கிடந்ததை உள்ளூர் அதிகாரிகள் 1987 இலேயே அறிந்திருந்தனர். அவர்கள் பராமரிப்புக்கு எடுக்கப்பட்டது 1992 இல். நட்டஈடு கேட்ட வழக்கைப் பிரபுக்கள் சபை 1995 இல் தள்ளியது. பொறுப்பு ஏற்றினால் சமூக சேவையாளர்கள் அஞ்சி அஞ்சி வேலை செய்வார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2001 மே மாதத்தில் அதை ஏற்காமல், பிள்ளைகளைக் காக்கத் தவறிய பிரித்தானிய அரசே மனிதாபிமானமற்ற நடத்துகைக்குப் பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது.

இரு வழக்குகளிலும் அடித்தளமான உண்மை ஒன்றே: அரசுக்குத் தெரிந்திருந்தது.

நமது நீதிமன்றமும் இவ்வாசலுக்கு மிக அருகில் வந்திருக்கிறது. ஃபாயிஸ் வழக்கில், அரசியல்வாதிகள் ஓர் அரச ஊழியரைப் பொலிஸ் நிலையத்திலேயே தாக்கினர், பொலிஸார் தடுக்கவில்லை. தனிநபரின் செயலாயினும், கடமையுள்ள அதிகாரி அதைத் தடுக்காமலும் தண்டிக்காமலும் விடும்போது அது நிருவாகச் செயலாகிவிடலாம் என்று உயர் நீதிமன்றம் கூறியது. 2021 பெப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. மாத்தறை மாவட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனுக்கு, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்தவேண்டும் என்றது நீதிமன்றம். ஆசிரியரைவிட அரசு கூடுதலாகச் செலுத்தவேண்டியிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், முறைப்பாடு கிடைத்தும் அசையாத அதிகாரியின் பொருட்டு அரசைக் கேள்விகேட்கும் சாவி கையில் இருப்பது தெரியும். கதவுதான் குறுகலானது. அடிப்படை உரிமை மனுவை மீறல் நிகழ்ந்த ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்கிறது 126 ஆம் உறுப்புரை. அதுவும் பாதிக்கப்பட்டவர் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ செய்யவேண்டும். மாத்தறை மாணவனின் பக்கத்தில் பெற்றோர் நின்றார்கள். பராமரிப்பவரே அடிப்பவராக இருக்கும் வீட்டில், ஒன்பது வயதுப் பிள்ளை எந்தச் சட்டத்தரணியைத் தேடிப் போகும்? அதற்கு ஒரு மாதம் என்பது என்ன கணக்கு?

பிறர் பொருட்டுப் பிறர் வழக்காடுவது இங்கு நடவாத காரியமன்று. 2007 ஜூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டபோது, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுச் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவரும் கையொப்பமிடும்வரை யாரும் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் விஷயத்திலும் அந்தத் தாராளம் சட்டத்தில் எழுதப்படவேண்டும். அண்டை வீட்டாரோ ஆசிரியரோ முறைப்பாடு செய்தால், திகதியிட்ட பற்றுச்சீட்டு ஒன்று அவர் கையில் தரப்படவேண்டும். அரசு அறிந்த நாள் எது என்பதற்கு அக்காகிதமே சாட்சி. 1996 இல் என்னிடம் அப்படியொன்று இருந்திருந்தால், நான் இரண்டாம் முறை போயிருப்பேன் என்று நம்ப விரும்புகிறேன்.

நண்பரின் அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. பிள்ளையைப் பிரித்தெடுக்கும் அரசும் தவறிழைக்கும். தாயிடமிருந்து பிரித்த பிள்ளையைத் தத்துக்கொடுத்த நோர்வே, குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது என அதே ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம் 2019 இல் கூறியிருக்கிறது. மொழியும் பண்பாடும் அறியாத அதிகாரி முன் நிற்கும் தமிழ்ப் பெற்றோரின் கலக்கம் மெய்யானது. ஆனால், அங்கே அவர்கள் நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக வாதாடலாம். அரசு வராமலேயே போன வீட்டில் வாதாட ஒருவரும் இல்லை.

கடற்கரையில் இதையெல்லாம் நண்பரிடம் துண்டுதுண்டாகச் சொன்னேன். கடைசியில் அவர், "அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். இன்று அவனுக்கு நாற்பது வயதை அண்மித்திருக்கும். ஒருவேளை நண்பரின் ஊரிலேயே, தன் பிள்ளைகளோடு, இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அவரிடம் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு: அந்தச் சுவரின் மறுபுறத்தில் எனக்குக் கேட்டது. பொலிஸிடம் சொன்னேன், ஒருமுறை மட்டும்.

இப்போது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. உங்கள் சுவரின் மறுபுறம் சத்தம் கேட்டால் அழையுங்கள். அழைத்த நாளையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். மறுபடி கேட்டால், மறுபடியும் அழையுங்கள்.