தாலவனேசன் முத்திரை

திருப்பனந்தாள் என்றதும் சைவர்களுக்கு நினைவு வருவது அங்கே சாய்ந்து நின்ற லிங்கம். மாலை சாத்த வந்த தாடகை என்ற பெண்ணின் ஆடை நழுவியது. அதை முழங்கையால் இடுக்கிக்கொண்டு அவள் தவித்தபோது இறைவனே தலை சாய்த்து மாலையை ஏற்றுக்கொண்டான் என்கிறது தலபுராணம். யானைகளைப் பூட்டி இழுத்தும் மன்னனால் நிமிர்த்த முடியாத அந்தச் சாய்வை, குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்து நிமிர்த்தினார் என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் பாடிய தலம் இது. குமரகுருபரர் காசியில் நிறுவிய மடம் 18ஆம் நூற்றாண்டில் தலைமையிடமாக ஏற்றுக்கொண்ட ஊரும் இதுதான். இத்தனை பெருமைகளோடு அரிதாகவே சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஒன்று உண்டு: திருப்பனந்தாள் பட்டாபிராமய்யா. ஜாவளி என்ற காதல் சிறுபாட்டு வடிவத்தின் 19ஆம் நூற்றாண்டு ஆசிரியர்களில் முன்வரிசையில் வைக்கத்தக்கவர். பனங்காட்டு ஈசனாகிய தாலவனேசனைத் தம் பாடல்களின் கையொப்ப முத்திரையாக வைத்து அவர் எழுதியவை தேவாரத்தின் வழிவந்த துதிகள் அல்ல. ஏமாற்றிய காதலனைக் கேள்வி கேட்கும் பெண்ணின் பாட்டுகள். பெண்ணுக்காகத் தலை சாய்த்த தெய்வத்தின் பெயர் அத்தகைய பாட்டில் வந்து அமர்ந்ததை இழுக்கு என்று நான் கருதவில்லை. க்ஷேத்ரய்யாவின் பதங்களில் முவ்வகோபாலன் செய்த வேலையையே இங்கே தாலவனேசன் செய்கிறான்.

க்ஷேத்ரய்யாவை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை விஜயராகவ நாயக்கரின் அவையோடு தொடர்புடைய அவருடைய பதங்கள் மெல்ல நகர்பவை. ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு ராகத்தின் ஆழம் வரை போய்த் திரும்புபவை. அவற்றை முழுதாகத் துய்க்கப் பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நீண்ட பழக்கம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பெருவடிவத்தின் பக்கத்திலேயே ஜாவளி என்ற சிறுவடிவம் முளைத்தது. தஞ்சை நால்வரில் ஒருவரான சின்னய்யா மைசூர் அரண்மனையில் இருந்த காலத்தில் ஜாவளிகள் இயற்றியதாகச் சொல்வார்கள். நடுத்தர வேகம், பிடிப்பான மெட்டு, அன்றாடப் பேச்சுக்கு அருகிலுள்ள சொற்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும் அளவு என்பவை அதன் அடையாளங்கள். பதத்தின் நாயகி பிரிவில் உருகுவாள். ஜாவளியின் நாயகி கணக்குக் கேட்பாள். பட்டாபிராமய்யாவின் பூர்விகல்யாணி ஜாவளியில் அவள் கேட்பது நீ கொடுத்த வாக்கெல்லாம் என்னவாயிற்று என்பதுதான். அவருடைய கமாஸ் ஜாவளி ஒன்றில், ஊரார் வீண்பழிக்கு ஆளாகிவிட்டேனே என்று குமுறுகிறாள். புராண உவமையோ தத்துவப் போர்வையோ தேடாமல், தெருவில் காது படப் பேசப்படும் ஒரு பெண்ணின் நிலையை நேராகச் சொல்லும் பாட்டுகள் இவை. கரூர் சிவராமய்யா ஒரு படி மேலே போய், கரகரப்பிரியாவில் ஒரு ஜாவளியை ஆங்கிலச் சொற்களோடே தொடங்கினார்.

இந்த வடிவத்தை நம் இசை வரலாறு நடத்திய விதம்தான் என் வழக்குக்குப் பொருள். பெரிய உருப்படிகள் முடிந்தபின் இளைப்பாறுவதற்குப் பாடும் துக்கடா என்றும், நலிந்த காலத்தின் சிற்றின்பச் சரக்கு என்றும் அது ஒதுக்கப்பட்டது. நான் சொல்வது இதற்கு நேர்மாறானது. ஜாவளியின் சிறுமையாகக் காட்டப்பட்ட குறுமை, பேச்சு மொழி, துடுக்கு ஆகிய மூன்றுமே அதன் கவர்ச்சிக்கும் செல்வாக்குக்கும் காரணமாக இருந்தவை. இப்படி ஒரு நிகழ்வை உலகம் பின்னாளில் பங்க் ராக் என்ற பெயரில் கண்டது. 1970களின் ராக் இசை நீண்ட தனி வாசிப்புகளாலும் மாபெரும் அரங்குகளாலும் கனத்துப் போயிருந்தபோது, நியூயார்க்கின் ராமோன்ஸ் குழு 1976இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. 14 பாட்டுகள், மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. மறு ஆண்டு லண்டனின் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு ‘நெவர் மைன்ட் தி பொல்லாக்ஸ்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தது. ராகமும் தாளமும் அறியாத அந்த இளைஞர்களுக்கும் பட்டாபிராமய்யாவுக்கும் இசையளவில் எந்த உறவும் கிடையாது. ஆனால் கனத்துப்போன ஒரு கலைக்குள் சிறிய வடிவம் என்ன செய்ய முடியும் என்பதை இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது தெளிவாகக் காண முடிகிறது.

முதலில் அளவைப் பற்றி. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கிராமபோன் சென்னைக்கு வந்தபோது, தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சுற்றியே ஓடியது. அந்தத் தட்டுகளில் முதலில் துணிந்து பாடியவர்களில் கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசி மரபின் பெண்கள் பலர். பெரிய கீர்த்தனையை அந்த மூன்று நிமிடத்துக்குள் திணிக்கும்போது அது மூச்சுத் திணறும். ஜாவளிக்கோ அது உடம்புக்கேற்ற சட்டை. கோயம்புத்தூர் தாயியின் குரலில் மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ், அவருடைய இசைத்தட்டை அடிப்படையாகக் கொண்டு ‘ராகமாலிகா’ என்ற படைப்பை இயற்றினார். முதல் உலகப் போருக்கு முன்பே தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் குரல் இப்படிப் பாரிசின் இசைக்குள் நுழைந்தது. சிறு வடிவம் எளிதில் பயணம் போகும். காப்பி, பெஹாக், கமாஸ் போன்ற ராகங்களின் இனிய சாயல்கள் கச்சேரி கேட்பவர்களின் செவியில் நிலைபெற்றதிலும் ஜாவளிக்குப் பெரும் பங்கு உண்டு.

செல்வாக்கு என்றால் பெருங்கூட்டம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். 1976 ஜூன் மாதம் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் நடத்திய நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் சொற்பமே. ஆனால் அவர்களில் பலர் பின்னால் சொந்தமாகக் குழுக்கள் தொடங்கி அந்நாட்டு இசையின் போக்கையே திருப்பினார்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமை மாலைகளும் அப்படிப்பட்டவை. தஞ்சை அரசவையில் ஆடிய மரபின் வழிவந்த தனம்மாள் (1867–1938) வீணையை மெல்ல மீட்டியபடி பாடுவார். அதைக் கேட்க அந்தச் சிறு கூடத்தில் அமர்ந்திருந்தவர்களில் பலர் தேர்ந்த வித்துவான்களும் ரசிகர்களும். தருமபுரி சுப்பராயர் அந்த வீட்டின் நெருங்கிய நண்பர். அவருடைய பரசு, காப்பி ராக ஜாவளிகள் தனம்மாள் குடும்பத்தின் வழியாகவே புகழ் பெற்றன. ஜாவளி இலேசானது என்ற குற்றச்சாட்டுக்கு விடையும் அந்த வீட்டிலேயே கிடைக்கிறது. பதத்தைவிட வேகமான பாட்டு என்று பெயர் பெற்ற உருப்படியைத் தனம்மாள் குடும்பத்தினர் நிதானப்படுத்தி, ஒவ்வொரு சங்கதியையும் எடை போட்டுப் பாடினார்கள். அவர்கள் பாடக் கேட்டவர்களுக்கு ஜாவளி இலேசான சரக்காகத் தோன்றியிருக்க முடியாது.

துடுக்கு என்றேன், அதற்குச் சட்டம் கொடுத்த பதிலையும் பார்க்க வேண்டும். ‘நெவர் மைன்ட் தி பொல்லாக்ஸ்’ வெளியான சில வாரங்களில், அதன் அட்டையைக் காட்சிக்கு வைத்ததற்காக நாட்டிங்காம் நகரத்து இசைத்தட்டுக் கடை மேலாளர் மீது வழக்குப் போட்டார்கள். பயன்பட்டது 1889ஆம் ஆண்டின் ஆபாச விளம்பரத் தடைச் சட்டம். 1977 நவம்பரில் வழக்கு தள்ளுபடியாகி அவர் விடுவிக்கப்பட்டார். அதே விக்டோரிய ஒழுக்கக் கண் தஞ்சையின் ஒரு நூலை வெகுமுன்பே பிடித்துவிட்டது. பிரதாபசிம்மன் (1739–1763) அவையில் இருந்த முத்துப்பழனி எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை, பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஒரு தேவதாசி எழுதியதை இன்னொரு தேவதாசி பதிப்பித்தார் என்பதே பலருக்கு உறுத்தியது. 1911இல் நூலைக் காவல்துறை கைப்பற்றியது. தடை 1947இல்தான் நீங்கியது. பெண் தன் விருப்பத்தைத் தன் வாயால் சொல்வதுதான் அங்கே குற்றமாயிற்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏனென்றால் அதே சிருங்காரத்தை ஆண் புலவர்கள் பாடிய எத்தனையோ நூல்கள் தடையின்றி அச்சில் உலவின. ஜாவளிகளை எந்தக் காவலரும் கைப்பற்றவில்லை. ஆனால் அவற்றைப் பாடிய பெண்களை மேடையிலிருந்து விலக்கும் சூழலை 1892இல் தொடங்கிய நாட்டிய எதிர்ப்பு இயக்கம் மெல்ல உண்டாக்கியது.

இங்கே ஒரு கனமான மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. பட்டாபிராமய்யாவும் சுப்பராயரும் ஆண்கள். பெண்ணின் வாயில் சொற்களை வைத்தவர்கள் அவர்களே. கேட்டு மகிழ்ந்தவர்களில் ஜமீன்தார்களும் மிராசுதார்களும் இருந்தார்கள். இதைக் கலகம் என்று எப்படி அழைப்பது? மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரிலிருந்து வந்த ராமாமிர்தம் அம்மையார், தேவதாசி வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதி அந்த முறையின் கொடுமையை வெளிச்சமிட்டார். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடங்கிய போராட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் முடிந்தது. சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் ஒழிந்ததில் வருந்த எதுவும் இல்லை. ஆனால் அந்த முறையைக் கண்டிப்பதும் அதில் வாழ்ந்த பெண்களின் கலையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் ஒன்றல்ல. எழுதியவர் யார் என்பது ஜாவளியைப் பொறுத்தவரை பாதிக் கேள்விதான். அச்சிட்டால் அரைப் பக்கம் வரும் வரிகளுக்கு உயிர் கொடுத்தவை பாடகியின் சங்கதிகள், ஆடுபவளின் அபிநயம். ஒரே வரியைப் பத்து விதமாகக் கைகளாலும் கண்களாலும் மாற்றிச் சொல்லி, பாட்டின் பொருளை முடிவு செய்தது அவள்தான். எது நிலைக்க வேண்டும், எது மறைய வேண்டும் என்று தேர்ந்ததிலும் அந்தப் பெண்களின் பாடாந்தரத்துக்கே பெரும்பங்கு. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவையும் மால்கம் மெக்லாரன் என்ற வியாபாரி தம் துணிக்கடையைச் சுற்றி உருவாக்கினார். பிறப்பில் வணிகம் கலந்திருந்ததாலேயே அந்தக் குரலின் சீற்றம் பொய்யாகிவிடவில்லை. இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டென்பதை நான் மறைக்கவில்லை: அந்த இளைஞர்களுக்குப் பிழைப்பு மாற்ற வழி இருந்தது, இந்தப் பெண்களுக்கு அந்த வழி மிகக் குறுகலாக இருந்தது.

தெலுங்கில் உள்ள பாட்டுக்குக் காவிரிக் கரையோடு என்ன உறவு என்ற கேள்வியும் உண்டு. 1941இல் அண்ணாமலை நகரில் உருக்கொண்டு 1943இல் தமிழ் இசைச் சங்கமாக வளர்ந்த இயக்கம் கேட்ட கேள்வி அது. தமிழில் பாடுங்கள் என்ற அதன் கோரிக்கை முற்றிலும் நேர்மையானது. திருப்பனந்தாள் வயலில் நடவு நட்டவர்களுக்குப் பட்டாபிராமய்யாவின் தெலுங்கு விளங்கியிருக்காது. ஆனால் நாயக்கர், மராட்டியர் காலத் தஞ்சையில் அரங்கின் மொழி தெலுங்காக இருந்ததே தவிர, பாட்டின் உணர்வு ஒரு மொழிக்குள் அடங்கியதில்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் உடையார்பாளையம் ஜமீனில் கனம் கிருஷ்ணையர் இதே சிருங்காரத்தைத் தமிழ்ப் பதங்களாக்கினார். அவருடைய வரலாற்றை உ.வே. சாமிநாதையர் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். வைத்தீசுவரன்கோயில் சுப்பராமய்யரின் தமிழ்ப் பதங்களும் அதே தரத்தவை. ஆற்றின் இரு கரையிலும் ஒரே மனநிலை இரு மொழிகளில் பாடப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஒன்றை நம்முடையது என்றும் மற்றதை அயலது என்றும் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மேடை தூய்மைப்படுத்தப்பட்ட பிறகும் ஜாவளி சாகவில்லை. தனம்மாளின் பேத்தி டி. பாலசரஸ்வதி தம் ஆட்டத்தில் பதத்தையும் ஜாவளியையும் விடாப்பிடியாக வைத்திருந்தார். சிருங்காரத்தைக் கழுவிவிட்டால்தான் பரதம் தெய்விகமாகும் என்ற வாதத்தை அவர் ஏற்கவே இல்லை. 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், சிருங்காரமே இந்தக் கலையின் உச்ச உணர்வு என்று வாதிட்டார். ராமோன்ஸ் ஆல்பம் வெளியான 1976இல்தான் சத்யஜித் ராய் அவரைப் பற்றிய ‘பாலா’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். இன்னொரு பேத்தி டி. பிருந்தா, குடும்பத்தின் செவிவழிச் செல்வமாக இருந்த ஜாவளிகளைச் சுரப்படுத்தித் தொகுத்தார். சென்னை மியூசிக் அகாடமி 1960இல் அதை வெளியிட்டது. பட்டணம் சுப்பிரமணிய ஐயர், தருமபுரி சுப்பராயர் பெயர்களோடு திருப்பனந்தாள் பட்டாபிராமய்யாவின் பெயரும் அந்த நூலின் தலைப்பிலேயே இடம்பெற்றது. ஜாவளியின் ஆல்பம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் இந்தத் தொகுப்பைத்தான் சுட்டுவேன். அகாடமி மேடைகளில் பெரிய பெயர்களாக விளங்கியவர்கள் பதமும் ஜாவளியும் கற்க பிருந்தாவைத் தேடிப் போனார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி அவரிடம் பதங்கள் கற்றார். ராமநாதபுரம் கிருஷ்ணனும் அவரிடம் பாடம் கேட்டார்.