கியூரியாசிட்டி

'கியூரியஸ்' என்றதும் ஆர்வம் என்று பொருள் சொல்லிவிடுகிறோம். வேரைத் தோண்டினால் அங்கே இருப்பது அக்கறை. லத்தீனில் 'கூரா' என்றால் கவனிப்பு. அதிலிருந்து பிறந்த 'கூரியோசுஸ்', கருத்தாக வேலை செய்பவரையும் துருவித் துருவிக் கேட்பவரையும் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக அது 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. நோய் தீர்க்கும் 'கியூர்', அருங்காட்சியகத்தைப் பேணும் 'கியூரேட்டர்' இரண்டும் இதே வேரில் முளைத்தவை. 'கேர்' மட்டும் இந்தக் குடும்பமல்ல. அது ஜெர்மானியச் சொல்.

ஆனால் 'கேர்', 'கியூரியாசிட்டி' இரண்டும் ஒரு பழமொழியில் சந்தித்துக்கொண்டன. பூனையைக் கொன்றது கியூரியாசிட்டி என்பார்கள். 1598இல் மேடையேறிய பென் ஜான்சன் நாடகத்திலோ பூனையைக் கொல்வது 'கேர்', அதாவது கவலை. அறியும் ஆவலின் மேல் பழி விழுந்தது பிற்காலத்தில்தான். அநியாயமான பழி!

ஆளைக் 'கியூரியஸ்' என்றால் அறியத் துடிப்பவர். ஒரு பொருளையோ நிகழ்ச்சியையோ அப்படிச் சொன்னால் அது விசித்திரமானது. அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பவருக்கு 'நோசி' என்ற சொல் தனியாக இருக்கிறது. 2012இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஊர்திக்கும் 'கியூரியாசிட்டி' என்றே பெயர்.

மாணவர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று: 'கியூரியஸ்' என்பதில் கடைசி எழுத்துக்கு முன்னால் நிற்கும் 'யு', 'கியூரியாசிட்டி' என்று எழுதும்போது வராது.