ஜீப்பு கைபிரேக் ஏன் சக்கரத்துல இல்ல?

பள்ளிபாளையத்துல எங்க வீட்டு வாசல்ல தாத்தா காலத்து மகிந்திரா சிஜே3பி ஒண்ணு நிக்குது. பின்சக்கரத்தைக் கழட்டணும்னு சித்தப்பா ஜாக்கி ஏத்தினார், கைபிரேக்கை இறுக்கிட்டுத்தான். சக்கரம் தரையை விட்டதும் வண்டி முன்னால உருண்டு, ஜாக்கி சாஞ்சுருச்சு. கால் தப்பிச்சது பெரிய விஷயம். பிரேக்கைப் பிரிச்சுப் பார்த்தோம், ஒரு கோளாறும் இல்ல.

காரணம் 1940ல இருக்கு. அந்த ஜூலையில அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதி, நாலு சக்கரமும் இழுக்குற சின்ன வண்டி ஒண்ணு கேட்டது. மாதிரி வண்டிக்குக் கெடு 49 நாள். (நம்ம ஆபீஸ் டெட்லைன் எல்லாம் சும்மாங்க.) பாண்டம் கம்பெனி செப்டம்பர் 23ல கொண்டுபோய் நிறுத்துச்சு. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் போர் முடியறதுக்குள்ள 6 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க.

அந்த வில்லிஸ்ல கைபிரேக் சக்கரத்துல கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால, பின் ஷாஃப்ட்டுல ஒரே ஒரு டிரம். ஆக்சில் பல்விகிதம் 4.88. அதனால டிரம் பிடிக்கிற பிடி சக்கரத்துக்குப் போகும்போது கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு ஆகுது. சின்ன டிரம்மே போதும், சக்கரம் வரைக்கும் கேபிள் வேண்டாம்.

ஆனா ஷாஃப்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கே! ஷாஃப்ட் நின்னாலும், ஒரு பின்சக்கரம் முன்னால உருண்டா இன்னொண்ணு பின்னால சுத்தலாம். ரெண்டும் தரையில இருக்கறவரை அது நடக்காது. ஒண்ணைத் தூக்கினா பிடிப்பு போச்சு. முன்சக்கரத்தைத் தூக்கும்போது இந்தத் தொல்லை இல்ல, அதான் எங்களுக்கு இத்தனை வருஷம் தெரியல.

மகிந்திரா 1940கள் கடைசியில பம்பாய் மசகான்ல வில்லிஸ் ஜீப் பூட்ட ஆரம்பிச்சாங்க. 1953ல வில்லிஸ் கொண்டுவந்த சிஜே3பியும் பிறகு இங்கயே தயாராச்சு. கூடவே அந்த டிரம்மும் வந்துருச்சு. மாருதி ஓட்டிப் பழகின கைக்கு இது எப்படித் தெரியும்?

இப்ப எங்க வழக்கம்: சமதரை. ஃபோர் வீல் லீவரைப் போட்டுடுவோம், முன்னால ஹப் லாக் இருந்தா அதையும். அப்ப முன்சக்கரங்களும் அதே டிரம்மோட கட்டுப்படும். ரெண்டு முன்சக்கரத்துக்கும் முன்னயும் பின்னயும் கட்டை. ஆக்சிலுக்கு அடியில ஸ்டாண்டு வைக்காம யாரும் கீழ போறதில்ல. டிரான்ஸ்ஃபர் கேஸ்ல ஆயில் ஒழுகினா முதல்ல நனையறது அந்த டிரம்தான், அதையும் பார்த்துக்குவோம். அப்புறம், பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கு. அதனால சித்தப்பா எவ்வளவு கேட்டாலும் வாசல்ல வெல்டிங் மட்டும் கிடையாது.