லைப்ரரி டூர் ஏன் மறந்துபோகுது?

காலேஜ் சேர்ந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கா? ஐம்பது, அறுபது பேரை வரிசையா லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. "இது ரெஃபரன்ஸ் செக்‌ஷன், இது ஜர்னல்ஸ், பையை வெளியே வைங்க." அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். மூணு மாசம் கழிச்சு முதல் அசைன்மென்ட் வரும்போது அதுல ஒண்ணுகூட நினைவில் இருக்காது.

தப்பு நம்ம மேலயா, அந்த அரை மணி நேரத்து மேலயா? இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. நம்ம சென்னையிலேயே ஒருத்தர் இதைப் பத்தி யோசிச்சிருக்கார்.

1924. சீர்காழியில் பிறந்து, பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டார். வகுப்பறைக் கலகலப்புக்குப் பழகியவருக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை. பழைய வேலையே போதும் என்று திரும்பி வந்து கேட்டார். முதலில் லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கலைன்னா பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். போனவர், நூலகமே தன் வாழ்க்கை என்று முடிவுசெய்து 1925-இல் திரும்பினார்.

ஆனா அவருக்குள்ள இருந்த வாத்தியார் போகலை. நூலகர் வாசகருக்குச் செய்யும் உதவியைப் பின்னாளில் அவர் வகை பிரித்தபோது, புதிதாக வருபவருக்கு நூலகத்தை அறிமுகம் செய்வதையும் ஒரு தனி வகையாக வைத்தார். அலமாரிகளைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, வாசகரோடு நின்று உதவ ஒரு ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி.

அடுத்த காட்சி அமெரிக்காவின் டெட்ராய்ட். 1960-இல், வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்டீத் கல்லூரியில் பெட்ரீசியா நாப் என்ற நூலகர் இரண்டு வருஷ சோதனை ஒன்றைத் தொடங்கினார். டூரைத் தனியா நடத்தாதீங்க, பாடத்துக்குள்ளேயே கொண்டுவாங்க என்பதுதான் யோசனை. வகுப்பில் எழும் கேள்விக்கு விடை தேட மாணவர் நூலகம் வரவேண்டும். அந்தப் பணிகள் படிப்படியாகக் கடினமாக வேண்டும். கேள்வியே இல்லாதவருக்கு கேட்டலாக் எதுக்கு?

யோசனை நல்லாத்தான் இருந்தது. சிக்கல் பேராசிரியர்களிடம் வந்தது. அவர்கள் மனசு வைக்காமல் இது நடக்காது என்பதுதான் அந்தச் சோதனை சொன்ன பெரிய பாடம்.

இதுவரைக்கும் எல்லாரும் யோசிச்சது எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்பதைப் பத்தி. உட்கார்ந்திருக்கிற மாணவர் மனசுல என்ன ஓடுதுன்னு யாராவது கேட்டாங்களா?

1986-இல் கான்ஸ்டன்ஸ் மெலன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை அதைத்தான் கேட்டது. எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் இருந்த 6,000 மாணவர்கள், நூலகத்தில் தேடிய அனுபவத்தைத் தங்கள் வார்த்தையில் எழுதியிருந்தார்கள். அவர்களில் 75 முதல் 85 சதவீதம் பேர் முதல் உணர்வாகச் சொன்னது பயம். மத்தவங்க எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும்தான் தெரியலை. கேட்டா அது வெளியே தெரிஞ்சிடும். அதனால் அவர்கள் கேட்கவே இல்லை. இதற்கு மெலன் வைத்த பெயர் 'நூலகப் பதற்றம்'.

நினைச்சுப் பாருங்க. வீட்டிலேயே முதல் பட்டதாரியா வர்ற ஒரு பொண்ணு. ஊர்ல பார்த்த நூலகம் ஒரே ஒரு ரூம். இங்கே நாலு மாடி. கவுன்ட்டர்ல இருக்கிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. அவளுக்குத் தேவை வரைபடமா, "என்னம்மா தேடற?"ன்னு கேட்கிற ஒரு ஆளா?

இன்னைக்கு அவள் அந்தக் கேள்வியை சாட்ஜிபிடியிடம் கேட்பாள். சோம்பேறித்தனம்னு நாம சொல்லிடுவோம். ஆனா அதுகிட்ட கேட்டா வெட்கமா இருக்காது, அதுவும் ஒரு காரணம்தான். அது தரும் பதில் சரியா, அது சொல்ற புத்தகம் நிஜமாவே இருக்கான்னு பார்க்கக் கத்துக்கொடுக்க மறுபடியும் ஒரு மனுஷர்தான் வேணும்.

முதல் வருஷ வகுப்பை மாத்தி அமைக்கணும்னா, இந்த மூணு பேரையும் ஒண்ணா வச்சுப் பார்க்கலாம். மாணவர் கையில ஒரு கேள்வி, பக்கத்துல ஒரு ஆள், தெரியலைன்னு சொல்ல ஒரு தைரியம். ஸ்லைடு போட்டு அரை மணி நேரத்துல இதைக் கொடுக்க முடியாது.

நீங்க இப்போ முதல் வருஷத்துல இருந்தா, நாளைக்கு நூலகர்கிட்ட போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. என்ன நடந்ததுன்னு எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.